லினாரெஸ் செஸ் ஊரா, ஈய ஊரா?

கேள்வி, 3 மார்ச் 2023

ஆனந்த் 1998, 2007, 2008 என்று மூன்று முறை முதலிடம் பிடித்த லினாரெஸ் போட்டியைப் பற்றிப் பழைய பத்திரிகை ஒன்றில் படித்தேன். வரைபடத்தில் தேடினால் ஸ்பெயினின் தெற்கே, ஹாயென் மாகாணத்தில், ஆலிவ் தோப்புகளுக்கு நடுவே ஒரு நடுத்தர ஊர். காஸ்பரோவும் கார்ப்போவும் ஆனந்தும் அங்கே போய் உட்கார அப்படி என்ன இருக்கிறது? சுரங்கப் பணத்தில் கொழுத்த ஊர், அதனால்தான் என்று ஒருவர் சொன்னார். உண்மையா? யாராவது போயிருக்கிறீர்களா?

3 மார்ச், இரவு

நான் போயிருக்கிறேன். 2019 அக்டோபரில் நான்கு நாள் தங்கினேன். சுரங்க ஊர் என்பது உண்மை. அந்தப் பணத்தில்தான் செஸ் வந்தது என்று நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். நாளை விரிவாக எழுதுகிறேன்.

4 மார்ச்

நான் போனது செஸ்ஸுக்காக இல்லை. பிறந்தது கோலார் தங்கவயலில். அப்பா சாம்பியன் ரீஃப் என்ற தங்கச் சுரங்கத்தில் அண்டர்கிரவுண்ட் வேலை, 2001இல் மூடும் வரைக்கும். 1880இல் கோலாரின் நிர்வாகத்தை எடுத்துக்கொண்ட ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்ற லண்டன் நிறுவனத்தின் பெயர் எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். அதே பெயரைத் தற்செயலாக லினாரெஸ் பற்றிய ஒரு கட்டுரையில் பார்த்தேன். கோலாருக்கு முப்பது வருஷம் முந்தி, 1849இல், அதே டெய்லர்கள் லினாரெஸில் ஈயச் சுரங்கம் நடத்த வந்திருக்கிறார்கள். அதற்கப்புறம் போகாமல் இருக்க முடியவில்லை.

மாட்ரிடிலிருந்து ரயில். இறங்குவது லினாரெஸ்-பயேசா என்ற நிலையம். ஊர் அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. வழியெல்லாம் ஆலிவ், சீப்பால் வாரியது போல வரிசை வரிசையாக. தோப்புக்கு நடுவே திடீரென்று ஒரு புகைக்கூண்டு. கொஞ்ச தூரத்தில் இன்னொன்று. அப்புறம் கூரையில்லாத ஒரு உயரமான கல் கட்டடம். எனக்கு நெஞ்சு ஒரு நிமிடம் நின்றுவிட்டது. எங்கள் ஊரில் பார்த்த அதே கட்டடம்!

ஆங்கிலேயர் வந்துதான் அந்தச் சுரங்கங்களைத் திறந்தார்கள். முதலில் எடுத்தது போசோ அஞ்சோ. அகலக் கிணறு என்று பொருள். ஸ்பானிய மொழியில் ஷாஃப்டுக்கு, அதாவது சுரங்கத்துக்குள் செங்குத்தாக இறங்கும் குழிக்கு, பெயரே கிணறுதான். பிரச்சினையும் கிணற்றுப் பிரச்சினைதான்: தண்ணீர். ஆழம் போகப் போக ஊற்று. மாடும் கோவேறு கழுதையும் இறைத்துத் தீராது. இங்கிலாந்தின் கார்ன்வால் பக்கத்து ஆட்கள் நீராவி எஞ்சினோடு வந்தார்கள்.

அந்தக் கட்டடத்தின் வேலை இதுதான். உள்ளே ஒரு பெரிய சிலிண்டர். மேலே, தராசுக் கோல் மாதிரி, பல டன் எடையுள்ள வார்ப்பிரும்பு உத்தரம். அதன் பாதி வீட்டுக்குள், பாதி வெளியே ஷாஃப்டுக்கு மேல். முன்சுவர்தான் அச்சைத் தாங்குகிறது, அதனால் மற்ற மூன்று சுவர்களைவிட அது மட்டும் ரொம்பத் தடிமன். நான் கை நீட்டி அளந்து பார்த்தேன், ஒரு கைக்கு மேல் போயிற்று. உத்தரத்தின் வெளிமுனையில் மரத்தண்டுகள் ஒன்றோடு ஒன்று பூட்டி அடிவரை இறங்கும். நீராவி தண்டைத் தூக்கும். தண்டு தன் எடையால் இறங்கும்போது தண்ணீரை மேலே தள்ளும். இரவும் பகலும். நம் ஊர் ஏற்றக்காரர் பார்த்திருந்தால் உடனே புரிந்திருக்கும்.

5 மார்ச்

நேற்று எழுதியதில் ஒரு பெரிய தவறு. "ஆங்கிலேயர் வந்துதான் திறந்தார்கள்" என்று எழுதிவிட்டேன். அப்படி எழுதினால் ஊர்க்காரர்களுக்குக் கோபம் வரும், வரவும் வேண்டும்.

அர்ராயானெஸ் என்ற சுரங்கத்தை ஸ்பெயின் அரசே 1749இலிருந்து தன் கணக்கில் நடத்தி வந்தது. பின்னால் குத்தகைக்கு விட்டாலும் சொத்து அரசுடையதுதான். டெய்லர்கள் செய்தது, தண்ணீரால் கைவிட்ட ஆழத்துக்குத் திரும்ப இறங்க வழி செய்தது. திறந்தது அவர்கள் இல்லை.

அதற்கும் முந்தி ரோமானியர், அதற்கும் முந்தி இந்த மண்ணின் பழைய குடிகளான ஐபீரியர். ஊருக்குத் தெற்கே காஸ்துலோ என்ற பாழ்நகரம் இருக்கிறது. காஸ்துலோவின் பெண் இமில்சேயைத்தான் ரோமை எதிர்த்த வட ஆப்பிரிக்கக் கார்த்தேஜின் தளபதி ஹன்னிபால் மணந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. கார்த்தேஜுக்கு வெள்ளி தேவைப்பட்டது, வெள்ளி இந்த மண்ணில் இருந்தது. கல்யாணத்துக்கு அதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தோன்றவில்லை. ஹன்னிபாலுக்கு நாளொன்றுக்கு 300 ராத்தல் வெள்ளி கொடுத்த பேபெலோ என்ற சுரங்கத்தைப் பற்றி ரோமானிய எழுத்தாளர் பிளினி சொல்கிறார். அது இந்தப் பக்கம்தான் என்று லினாரெஸ்காரர்கள் நம்புகிறார்கள்.

காஸ்துலோவில் 2012இல் கிடைத்த மொசைக் தரையையும் போய்ப் பார்த்தேன். "காதல்களின் மொசைக்" என்று பெயர். அழகுதான். ஆனால் என் மனசில் நின்றது வேறு. 1875இல் பக்கத்தில் பாலாசுவேலோஸ் என்ற இடத்தில் கிடைத்த ரோமானியக் கல் ஒன்று. சுரங்கத் தொழிலாளர்கள் வரிசையாக நடந்து போகிறார்கள், ஒருவர் தோளில் பிக்காசு. ஷிஃப்டுக்குப் போகிற வரிசை. ராஜாவோ தெய்வமோ இல்லாமல் இப்படி வேலைக்காரர்களை மட்டும் செதுக்கிய கல்லை நான் அதிகம் பார்த்ததில்லை. மூலக்கல் இப்போது ஜெர்மனியில், போஹும் நகரத்துச் சுரங்க அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இங்கே இருக்க வேண்டியது.

5 மார்ச், இரவு

சரி, செஸ்ஸுக்கு வருகிறேன். இதிலும் என் முதல் பதிலைத் திருத்த வேண்டியிருக்கிறது.

போட்டி 1978இல் தொடங்கியது. நடத்தியவர் லூயிஸ் ரென்டேரோ, உள்ளூர் தொழிலதிபர், ஓட்டல் முதலாளி. ஆட்டங்கள் நடந்ததும் அவருடைய ஓட்டலில்தான். பெயர் அனிபால், அதாவது ஹன்னிபால். சுரங்கப் பணம் இதில் இல்லை. 1978இல் லினாரெஸின் ஈயம் ஏற்கெனவே இறங்குமுகம். ஒரு தனி மனிதரின் ஆசையும் பிடிவாதமும்தான். சும்மா கை குலுக்கி டிரா செய்துகொள்வது அவருக்குப் பிடிக்காது, கடைசி வரை போராடு என்பார். காஸ்பரோவ் இங்கே ஒன்பது முறை முதலிடம். 1994இல் கார்ப்போவ் 13 ஆட்டத்தில் 11 புள்ளி எடுத்ததும் இங்கேதான். 2005 மார்ச்சில் காஸ்பரோவ் ஓய்வை அறிவித்ததும் இங்கேதான். 2010க்குப் பிறகு போட்டி இல்லை.

2007இல் பாதிப் போட்டி மெக்சிகோவின் மொரேலியாவில், மீதி லினாரெஸில். அந்த வெற்றியால் ஏப்ரல் தரவரிசையில் ஆனந்த் முதல் முறையாக உலகில் முதலிடம். முதலில் வந்த பட்டியலில் லினாரெஸ் ஆட்டங்களைச் சேர்க்கவில்லை, எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் சேர்த்தார்கள். அந்த ஒரு வாரம் எனக்கு இருந்த கோபம் இன்றும் ஞாபகம் இருக்கிறது.

8 மார்ச்

"ஈயச் சொம்பில் ரசம் வைக்கிறோமே, அந்த ஈயமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். முக்கியமான கேள்வி. இல்லை. நல்ல ரசச் சொம்பு வெள்ளீயம். லினாரெஸில் தோண்டியது காரீயம். இரண்டுக்கும் நாம் ஈயம் என்றே சொல்லிவிடுகிறோம். காரீயம் விஷம், அடுப்பங்கரைக்குள்ளேயே வரக்கூடாது. சொம்பு வாங்கும்போது கலப்படம் இல்லையா என்று கேட்டு வாங்குங்கள்.

காரீயத்தின் தாதுவுக்கு கலீனா என்று பெயர். ஊரில் ஒரு பெரியவர் கையில் ஒரு கட்டி கொடுத்தார். எலுமிச்சம்பழ அளவுதான் இருக்கும், கை தானாகக் கீழே போயிற்று. அவ்வளவு கனம். உடைந்த முகமெல்லாம் சின்னச் சின்னக் கனசதுரங்கள், புதிதாக உடைந்த இடம் கண்ணாடி மாதிரி பளபளப்பு. எங்கள் கோலார்க் கல்லில் தங்கம் கண்ணுக்குத் தெரியாது. சும்மா வெள்ளையும் சாம்பலுமாகக் கல்தான். அப்பா இருபத்தாறு வருஷம் தோண்டியும் கல்லில் தங்கத்தைக் கண்ணால் பார்த்தது இரண்டே முறை என்பார். லினாரெஸ்காரர்களுக்குத் தாங்கள் தோண்டுவது கண்ணெதிரே மின்னியிருக்கிறது.

கலீனாவில் கொஞ்சம் வெள்ளியும் கலந்திருக்கும். உருக்கிக் காற்றை ஊதினால் ஈயம் துருவாகிப் பிரியும், வெள்ளி அடியில் நிற்கும். ஹன்னிபாலுக்கு வேண்டியது அந்த மீதி. பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு வேண்டியதோ ஈயமேதான்: தண்ணீர்க் குழாய், கூரைத் தகடு, பெயின்ட், துப்பாக்கிக் குண்டு. லினாரெஸும் பக்கத்து லா கரோலினாவும் சேர்ந்து உலகின் முதல் வரிசை ஈய வட்டாரம் ஆயின. சில ஆயிரம் பேர் இருந்த ஊருக்குள் ஸ்பெயினின் எல்லாத் திசையிலிருந்தும் ஆள் வந்து குவிந்தது.

அதற்குக் கொடுத்த விலை மூச்சு. இங்கே தாதுக் கோடுகள் ஓடுவது கருங்கல்லுக்குள். துளையிட்டால் பறக்கும் கல்தூசி நுரையீரலில் படிந்து இறுகும். மேலே உருக்காலையில் ஈயப் புகை, வயிற்று வலி, கை நடுக்கம். சிலிகோசிஸ் என்ற சொல்லை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எங்கள் சுரங்கத் தொழிலாளர் லைனில் வீட்டுக்கு வீடு இரவில் கேட்ட இருமல் அது.

12 மார்ச்

பாட்டு பற்றி எழுதாமல் விட்டால் லினாரெஸ் பற்றி எழுதியதாகவே ஆகாது.

தாரந்தா என்று ஒரு ஃபிளமெங்கோ வகை. சுரங்கக்காரர் பாட்டு. மற்ற ஃபிளமெங்கோவில் கைத்தட்டும் தாளக்கட்டும் இருக்கும், ஆட வைக்கும். தாரந்தாவில் தாளம் கிடையாது. பாடகர் மூச்சு போகிற போக்கில் இழுத்து, நிறுத்தி, திரும்ப எடுப்பார். நம் ஆட்களுக்கு விருத்தம் என்றால் சட்டென்று புரியும். கிதார்க்காரர் சில தந்திகளை விரல் வைக்காமல் திறந்தபடி விடுகிறார், அவை அழுத்திய சுரங்களோடு உரசிக்கொண்டே இருக்கும். அந்த உரசல் கொஞ்சம் அடிவயிற்றில் இறங்கும்.

நான் கேட்டது மேடையில் இல்லை. மதியம் ஒரு பார், ஆறேழு பேர். சட்டைப் பையில் கண்ணாடி வைத்த ஒரு மனிதர், எழுபது இருக்கும், மேஜையில் உட்கார்ந்தபடியே நாலு வரி பாடினார். பாடி முடித்ததும் யாரும் கைதட்டவில்லை. பக்கத்திலிருந்தவர் அவர் கிளாஸை நிரப்பினார், அவ்வளவுதான். லினாரெஸில் பிறந்த பாட்டு அது. கிதார் மேதை ஆந்த்ரெஸ் செகோவியா 1893இல் இந்த ஊரில் பிறந்ததும் தற்செயல் இல்லை என்று அப்போது தோன்றியது.

13 மார்ச்

இரண்டு திருத்தம்.

ஒன்று: தாரந்தா லினாரெஸில்தான் பிறந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. அல்மேரியாக்காரர்கள் தங்களுடையது என்பார்கள். முர்சியா பக்கத்து லா உனியோன்காரர்களும் விடமாட்டார்கள். அல்மேரியாவில் சுரங்கம் நொடித்தபோது ஆட்கள் வேலை தேடி லினாரெஸுக்கும் லா உனியோனுக்கும் நடந்தார்கள், பாட்டும் கூடவே நடந்தது. ஊர் விட்டு ஊர் போனவர்கள் பாட்டு என்பதே சரி. வட ஆற்காட்டிலிருந்து கோலாருக்கு வந்த எங்கள் பாட்டி தாலாட்டையும் ஒப்பாரியையும் அப்படித்தான் மூட்டையோடு கொண்டு வந்தார்.

இரண்டு: செகோவியா கைக்குழந்தையாக இருக்கும்போதே வில்யாகர்ரில்யோவில் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டார், அப்புறம் கிரானடா. கிதாரை ஃபிளமெங்கோவிலிருந்து பிரித்துக் கச்சேரி மேடையில் உட்கார வைத்தவர் அவர். சுரங்கப் பாட்டை அவர் தலையில் கட்டியது என் ஆசை, உண்மை இல்லை. ஆனாலும் கடைசியில் ஊர் அவரைத் திரும்ப வாங்கிக்கொண்டது. அவர் பெயரிலுள்ள அருங்காட்சியகத்திலேயே அவருடைய அடக்கம் இருக்கிறது.

20 மார்ச்

காளைச் சண்டை வீரர் மனோலெத்தே இறந்தது இங்கேயா என்று கேட்டவருக்கு: ஆமாம், இதே ஊர்தான். 1947 ஆகஸ்ட் 28, சான் அகுஸ்தின் திருவிழா. இஸ்லெரோ என்ற காளை குத்தி, மறுநாள் விடியுமுன் இறந்தார். காளைச் சண்டை எனக்கு ஒத்துவராது, அதனால் வளையத்துக்குள் போகவில்லை.

அவர் இறந்த மருத்துவமனையை மட்டும் பார்த்தேன். லினாரெஸ் மார்க்கேஸ் (பிரபு பட்டம்) தம்பதியின் சொத்தில் ஏழைகளுக்காகக் கட்டியது. அடியில் அவர்களுடைய கல்லறை. மாட்ரிடின் சிபேலெஸ் சதுக்கத்தில் "லினாரெஸ் மாளிகை" என்று பேய்க் கதையோடு காட்டுவார்களே, அதுவும் அவர்களுடையதுதான். மாளிகையைப் பார்க்கிறவர்களில் பத்துக்கு ஒருவராவது லினாரெஸுக்கு வந்து இந்த மருத்துவமனையையும் பார்க்கலாம்.

2 ஏப்ரல்

இதை எழுதலாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன்.

லா தோர்த்தில்யா என்று ஒரு சுரங்கமும் உருக்காலையும். தாமஸ் சாப்வித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் நடத்தியது. இடிபாடுகளில் ஒரு கோபுரம் இருக்கிறது. துப்பாக்கி ரவை செய்யும் கோபுரம். உச்சியில் ஈயத்தை உருக்கிச் சல்லடையில் ஊற்றுவார்கள். துளிகள் விழுகிற வழியிலேயே காற்றில் உருண்டையாகி, கீழே தண்ணீரில் இறுகும். வேட்டைத் துப்பாக்கிக்கான ரவை தயார். மழைத்துளி எப்படி உருண்டு விழுகிறதோ அதே விதி. கோபுரத்தடியில் நின்று மேலே பார்த்தபோது எனக்கு அந்த எளிமை பிடித்திருந்தது.

திரும்பி வந்த பிறகு சாப்வித் குடும்பத்தைப் பற்றிப் படித்தேன். 1898இல் ஸ்காட்லாந்தின் லிஸ்மோர் தீவுப் பக்கம் குடும்பத்தோடு விடுமுறைக்குப் போன இடத்தில், பத்து வயது மகனின் மடியில் கிடந்த துப்பாக்கி தவறி வெடித்தது. சாப்வித் இறந்தார். அந்தப் பையனுக்கும் பெயர் தாமஸ். வளர்ந்து விமானம் கட்டினார். முதல் உலகப் போரின் சாப்வித் கேமல் அவருடைய நிறுவனம் செய்தது.

விமானத்தின் பெயர் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பின்னால் இருந்த குடும்பப் பணத்தில் லினாரெஸ் ஈயம் இருந்தது. ஆலிவ் தோப்புக்குள் நிற்கும் கோபுரத்தைப் பற்றிப் பேச ஆள் இல்லை. அந்தப் பையனை நினைத்து எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

9 ஏப்ரல்

இப்போது ஊர் எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள்.

உண்மையைச் சொன்னால், கஷ்டம். சுரங்கம் தேயத் தேய ஊரைத் தாங்கியது சாந்தானா தொழிற்சாலை. 1950களில் விவசாயக் கருவி செய்யத் தொடங்கி, லேண்ட் ரோவர் ஜீப்பும் பிறகு சுசுகி வண்டியும் செய்தார்கள். 1994இல் மூடப் போகிறார்கள் என்றதும் ஊரே தெருவில் இறங்கியது. அடுத்த வருஷம் அந்தலூசியா வட்டார அரசு ஏற்று நடத்தியது. 2011இல் அதுவும் முடிந்தது. ஈயம் போய் ஜீப், ஜீப்பும் போய், நான் போனபோது எதுவுமில்லை. ஐம்பதாயிரத்துக்குச் சற்று மேல் ஜனம். மாலையில் லினாரேஹோஸ் சாலையில் குடும்பம் குடும்பமாக நடக்கிறார்கள். நடுவயதுக்காரர்கள் அதிகம், இளவட்டம் குறைவு. அதையும் எங்கள் ஊரில் பார்த்துப் பழகியவன்தான்.

ஆனால் சோகமான ஊர் என்று எழுத மாட்டேன். ஒரு பானம் சொன்னால் கூடவே ஒரு தட்டுச் சாப்பாடு காசில்லாமல் வருகிறது. தாப்பா. என்ன வரும் என்று நாம் கேட்பதில்லை. அடுத்த பானத்துக்கு வேறு தட்டு. மூன்றாவதுக்கு இன்னொன்று. நான் குடிக்காதவன், எலுமிச்சைச் சாறுக்கே உருளைக்கிழங்கும் மீனும் வந்தன. முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்கென்று தனியாக ஓட்டல் தேடினேன். பார் பெண்மணி என்னைப் பார்த்துச் சிரித்து, "இன்னொரு சாறு குடியுங்கள், ஆயிற்று" என்று ஜாடையில் சொன்னார்.

இன்னொன்று. சுரங்க எச்சங்களைக் காப்பாற்றியவர்கள் ஊர்க்காரர்களே. அர்ராயானெஸ் திட்டம் என்று ஒரு குழு, ஒவ்வொரு புகைக்கூண்டையும் ஷாஃப்டையும் தேடிப் பதிந்து, நடைபாதை வகுத்து வைத்திருக்கிறார்கள். ஷாஃப்டுக்கு மேல் நிற்கும் இரும்புச் சட்டத்துக்கு அவர்கள் காப்ரியா என்கிறார்கள். ரவுண்டானாவில் ஒன்றை நிமிர்த்தி வைத்திருந்தால் நின்று கும்பிடத் தோன்றும். எங்கள் ஊரில் அவற்றைப் பழைய இரும்பாகத்தான் பார்க்கிறார்கள். இதைக் கோபமாகவே எழுதுகிறேன்.

28 ஏப்ரல்

விடுமுறையில் அப்பாவிடம் போயிருந்தேன். படங்களைப் பெரிதாக்கிக் காட்டினேன். 4 மார்ச் அன்று "எங்கள் ஊரில் பார்த்த அதே கட்டடம்" என்று எழுதியிருந்தேன் அல்லவா? அப்பா கண்ணாடியைத் துடைத்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இது நம்மது இல்லப்பா" என்றார்.

ஏன் என்றேன். "நமக்குத்தான் சிவசமுத்திரத்திலிருந்து கரண்ட் வந்துருச்சே" என்றார். சரிதான். 1902லேயே காவிரி அருவியில் எடுத்த மின்சாரம் கோலாருக்கு வந்துவிட்டது. லினாரெஸில் நான் பார்த்த மாதிரி உத்தர வீடு எங்கள் ஊர் அடையாளமாகவே இருந்ததில்லை. நான் சின்ன வயதில் பார்த்தது வேறு ஏதோ இடிந்த கல் கட்டடம். ரயில் ஜன்னலில் பார்த்த ஒரு நொடியில் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டேன். மேலே எழுதியதை அழிக்கவில்லை, இதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பாலாசுவேலோஸ் கல்லின் படத்தைக் காட்டியபோது அப்பா உடனே விரல் வைத்தார். முன்னால் பெரிதாக நிற்கிற உருவத்தின் மேல். "இவன் மேஸ்திரி" என்றார். எப்படித் தெரியும் என்றேன். "மத்தவங்க நிக்கிறதைப் பாரு" என்றார். பிறகு கேட்டார்: "எத்தனை அடி ஆழம் போனாங்களாம்? உள்ளே சூடு எப்படியாம்?" சில நூறு மீட்டர் என்றேன். எங்களுடையது மூன்று கிலோமீட்டருக்கும் மேல். "அப்போ மூச்சு விடலாம்" என்றார். கல்தூசி பற்றிச் சொன்னேன். பதில் சொல்லவில்லை. கலீனாக் கட்டியைக் கையில் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு, சாயங்காலம் வரை கொடுக்கவில்லை. அப்புறம் சோப்பு போட்டுக் கை கழுவ வைத்தேன்.